பெட்டியும் கூழும்: யாழ்ப்பாணத்து வீட்டுக் கைப்பணியும் குடும்ப உணவும் – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண வரலாறு எழுதப்பட்ட முறையில் அரசர்களும் ஆலயங்களும் அந்நியராட்சியும் பெற்ற இடத்தை, வீட்டு முற்றமும் அடுக்களையும் பெறவில்லை. பெட்டி இழைத்தலும் பாய் பின்னுதலும் பெண்கள் ஓய்வுவேளையில் மகிழ்ந்து செய்த சிறு தொழில்கள் என்றும், கூழும் பிட்டும் கிராமத்தின் எளிய இன்பங்கள் என்றும் பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளன. இக்கருத்து முற்றிலும் பிழையானதன்று. ஆயின் அது பாதி உண்மையே. இவ்வெளிய வேலைகளே பல தலைமுறைகளாகக் குடாநாட்டு மக்களைப் பஞ்சத்திலிருந்து காத்தன. அவற்றிலே மகிழ்ச்சி இருந்தது என்பதும் மெய்யே. அம்மகிழ்ச்சி எவ்வாறு உருவாயிற்று, யாருடைய உழைப்பின் மீது அமைந்தது, ஏன் குன்றியது என்பவை வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாக்களாகும்.

நிலமும் பனையும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறை மீது அமைந்த நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில வாரங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. நெல் விளைச்சல் அம்மழையையே நம்பியிருந்தது. எஞ்சிய காலத்திற் கிணற்று நீரை இறைத்துத் தோட்டப் பயிர் செய்தனர். மழை பொய்த்தால் நெல் பொய்க்கும். அவ்வாறான நிலத்திலே வறட்சியைத் தாங்கி நின்று, நீர் பாய்ச்சுவாரின்றியே பயன் தந்த மரம் பனை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த ஐரோப்பியர் இதனைக் கண்டு வியந்துள்ளனர். வில்லியம் பேர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலிலே, பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று எனக் கூறும் தமிழ்ச் செய்யுள் நூலொன்றைக் குறிப்பிடுகின்றார். அவர்கள் மரத்தைக் கண்டனர், பயன்களை எண்ணினர். ஆயினும் அப்பயன்களுள் மிகப்பல தாமாக மரத்திலிருந்து உதிர்வன அல்ல. ஓலையைப் பாயாக்கியதும், கிழங்கை மாவாக்கியதும் மனிதக் கைகளே. அக்கைகளுட் பெரும்பாலானவை பெண்களுடையவை.

ஆண்டின் சுழற்சி

வீட்டு வேலைகள் பனையின் பருவங்களை ஒட்டி அமைந்தன. கோடையிலே இறக்கப்பட்ட கருப்பணியைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கினர். அதனை வார்ப்பதற்கான குட்டான்களும் ஓலையாலேயே இழைக்கப்பட்டன. ஆடி முதலாம் நாளாகிய ஆடிப்பிறப்பன்று அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால் என்பவற்றோடு அப்பனங்கட்டியும் சேர்ந்து கூழாயிற்று. ஆடி ஆவணியிற் பனம்பழம் விழும். அதைப் பிசைந்தெடுத்த களியைப் பாயிற் பரப்பி, வெயிலிற் காயவிட்டு, காய்ந்ததன் மேல் மீண்டும் பரப்பிப் பினாட்டாக்கினர். களியோடு மாவும் இனிப்பும் சேர்த்துப் பனங்காய்ப் பணியாரம் சுட்டனர். மழைக்கு முன்னர் விதைகளைப் பாத்தியிலிட, தை மாசியிற் கிழங்கு கிண்டப்பட்டது. அவித்துக் காயவிட்டது புழுக்கொடியல். அவியாது கிழித்துக் காயவிட்டது ஒடியல். ஒடியலை இடித்து மாவாக்கிக் கூழும் பிட்டும் சமைத்தனர்.

இவற்றுள் எந்த வேலையும் ஒருவர் தனித்துச் செய்யத்தக்கதன்று. கிழங்கு கிண்டும் நாளில் வீட்டிலுள்ளோர் யாவரும் முற்றத்திற் கூடினர். ஆடவர் மண்ணை அகழ, சிறுவர் ஊமலைப் பிளந்து பூரான் தேட, பெண்கள் தோல் நீக்கிக் கிழித்தனர். அயலாரும் வந்து உதவினர்; அடுத்த வாரம் அவ்வயலார் வீட்டுக்கு இவ்வீட்டார் சென்றனர். வேலையின் சலிப்பைப் பேச்சும் கதையும் குறைத்தன. பிற்காலத்தார் எளிய இன்பம் என நினைவுகூர்ந்தது பெரும்பாலும் இக்கூட்டுழைப்பினின்றும் பிறந்ததே. வேலையினின்றும் விடுபட்ட பொழுதில் அவ்வின்பம் கிடைக்கவில்லை. வேலையைப் பகிர்ந்துகொண்ட பொழுதிலேயே கிடைத்தது.

கைப்பணியும் அடுக்களையும்

யாழ்ப்பாணத்து ஓலைக் கைப்பணி அடுக்களையிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. பிட்டவிக்கும் நீற்றுப்பெட்டி, மாவும் தானியமும் புடைக்கும் சுளகு, விளைபொருள் சுமக்கும் கடகம், மீன் கொணரும் உமல், சட்டியைத் தாங்கும் திருகணை, காசும் வெற்றிலையும் வைக்கும் கொட்டப்பெட்டி என ஒவ்வொரு பொருளும் ஒரு தேவையின் அளவுக்கு ஏற்ப வடிவு பெற்றது. நீற்றுப்பெட்டி இதற்குத் தக்க சான்று. அதன் கூம்பிய அடி பானையின் வாயிற் பொருந்தும். ஓலை இழைகளின் இடைவெளி ஆவியை உள்ளே விடும், மாவை வெளியே விடாது. மிக நெருக்கமாக இழைத்தாற் பிட்டு வேகாது. தளர்வாக இழைத்தால் மா சிந்திவிடும். இந்த அளவை எந்த நூலும் கற்பிக்கவில்லை. தாயின் அருகிலிருந்து சத்தகத்தால் ஓலை வார்ந்த மகளின் விரல்களே அதனை அறிந்தன.

உணவிலும் இத்தகைய அறிவு பொதிந்திருந்தது. ஒடியல் மாவை அவ்வாறே சமைப்பதில்லை. நீரிற் பல மணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்தகற்றிய பின்னரே கூழுக்குப் பயன்படுத்துவர். கசப்பு நீங்குவதற்கு இது வேண்டும் என முதியோர் கூறினர். பனங்கிழங்கு மாவில் உடலுக்கு ஒவ்வாத கூறுகள் உள்ளன என்பதைப் பிற்கால ஆய்வுகளும் எடுத்துக்காட்டின. பனம்பழக் களியின் கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்னும் சபோனின் வகைப் பொருள் எனவும் வேதியியலாளர் கண்டறிந்தனர். ஆய்வுகூடம் பெயர் சூட்டுமுன்னரே அடுக்களை அதன் தன்மையை அறிந்து நடந்தது.

ஒடியற் கூழ் என்றும் மாறாத தொன்மையின் சின்னம் எனக் கருதுவோரும் உளர். அக்கூழ்ப் பானையை உற்று நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படும். மீனும் நண்டும் இறாலும் அயற்கடலின. பயற்றங்காயும் முருங்கையிலையும் பலாக்கொட்டையும் வளவின. ஒடியல் மா பனங்காணியினது. ஆனால் அதற்கு உறைப்பூட்டும் மிளகாயும், அதில் வேகும் மரவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை; ஐரோப்பியரின் கடல் வணிகத்தின் வழியாகவே அவை கீழைத்தேயங்களை அடைந்தன. யாழ்ப்பாண அரசு 1619இற் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் குடாநாட்டைக் கைப்பற்றினர். கோட்டையிற் கொடி மாறிய அக்காலங்களிற் கூழின் சுவையும் மாறிற்று. வந்த பொருள்களை ஏற்றுத் தனதாக்கிக் கொண்டமையே அவ்வடுக்களையின் உயிர்ப்பாற்றல் எனலாம்.

உழைத்தோரும் உண்டோரும்

இம்மரபைப் போற்றுவோர் பலர் ஒரு செய்தியைக் கூறாது விடுவர். குருத்தோலை வெட்டவும் கருப்பணி இறக்கவும் ஒருவர் மரமேற வேண்டும். அவ்வாறு ஏறியோர் சாதியமைப்பின் கீழ்ப்படிகளில் நிறுத்தப்பட்ட சமூகத்தவர். அவர்கள் இறக்கிய கருப்பணியிற் பனங்கட்டி செய்த பல வீடுகளின் உள்ளே அவர்கள் புக முடியவில்லை. சமமாக இருந்து உண்ணவும் முடியவில்லை. கூட்டுணவின் இன்பம் யாவர்க்கும் பொதுவாய் இருக்கவில்லை.

எனவே உணவு யாழ்ப்பாணத்தில் ஓர் அரசியற் பிரச்சினையும் ஆயிற்று. 1920களின் இறுதியிற் பாடசாலைகளிற் சம ஆசனமும் சம போசனமும் வழங்க முற்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தினர் சமபந்தி போசனத்தை ஒரு கொள்கையாகவே முன்வைத்தனர். அவர்களின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் கதர் நிதி திரட்டினார். வீட்டுக் கைத்தொழிலும் தீண்டாமை ஒழிப்பும் அவரது திட்டத்தில் இணைந்தே இருந்தமை இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் மாற்றம் விரைவில் வரவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் பின்னரும், தேநீர்க் கடையில் ஒரே குவளையிற் குடிக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலம் அப்போராட்டத்தின் திருப்புமுனையாயிற்று.

பெண்களின் நிலையும் சிந்தித்தற்குரியது. இடித்தலும் அரைத்தலும் இழைத்தலும் நாள் முழுவதையும் விழுங்கின. அவ்வுழைப்புக்குக் கூலியும் இல்லை. வேலை என்ற பெயரும் இல்லை. அதனைப் பொழுதுபோக்கு எனக் கூறுதல் உழைத்தோரை இருமுறை வஞ்சிப்பதாகும்.

மதிப்பின் வீழ்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வீட்டுக் கைப்பணியின் மதிப்புக் குறையலாயிற்று. அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடக்கினர், சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்குக் கல்லூரி நிறுவினார். கல்வி பெண்களுக்குப் புதிய வாழ்வைத் திறந்தது, இந்நன்மை மறுக்கத்தக்கதன்று. ஆனால் மிசன் பாடசாலையின் ஊசியும் நூலும் நாகரிகத்தின் அடையாளங்களாகிய வேளையில், வீட்டுச் சத்தகமும் ஓலையும் அவ்வாறு மதிக்கப்படவில்லை. மலாயாவில் அரசாங்க உத்தியோகம் பார்த்தோர் அனுப்பிய பணமும், பின்னர் அவர்கள் பெற்ற பென்சனும் கடைப்பொருள்களைப் பெருமைக்குரியன ஆக்கின. ஒடியல் ஏழைகளின் உணவாகவும், ஓலைப்பெட்டி கிராமத்தாரின் பொருளாகவும் எண்ணப்பட்டன.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைச் சிறுவர்க்கான பாடலாகவும், பனையின் சிறப்பைத் தாலவிலாசமாகவும் பாடியமை இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. வழக்கில் உறுதியாக உள்ள ஒன்றைக் கவிஞர் அவ்வளவு ஆர்வத்தோடு நினைவூட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இற் பர்மாவை யப்பானியர் கைப்பற்றியதும், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கோதுமை மாவும் பாணும் பரவின. அதன் பின் அலுமினியமும் பிளாத்திக்கும் சுளகையும் கடகத்தையும் படிப்படியாக ஒதுக்கின. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்திற் குடாநாட்டு மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். உள்ளூர் உணவுக்கும் மதிப்புக் கூடிற்று. 1978இற் பனை அபிவிருத்திச் சபை தோற்றுவிக்கப்பட்டது. பயிற்சியும் விற்பனையும் ஒழுங்கு செய்யப்பட்டமையாற் கைப்பணிக்குச் சந்தை கிடைத்தது. வீட்டுத் தேவைக்காக இழைத்த பெட்டி அலங்காரப் பொருளாயிற்று. இழைத்தவளின் கையிற் காசு சேர்ந்தது பெரும் நன்மை. அவளது அடுக்களையிலே நீற்றுப்பெட்டி இல்லாது போனது இழப்பு.

மீண்டும் பனை

1990இற் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மண்ணெண்ணெயும் சீனியும் சவர்க்காரமும் அரும்பொருள்களாயின. சிறு போத்தலிற் பஞ்சையும் சிறிதளவு எண்ணெயையும் இட்டு எரித்த விளக்கின் கீழ் மாணவர் படித்தனர். சீனியற்ற தேநீரைப் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் குடித்தனர். ஏழைகளின் உணவு என ஒதுக்கப்பட்ட ஒடியலும் பினாட்டும் பல வீடுகளுக்கு மீண்டன. அவற்றைச் செய்யும் முறை அறிந்த முதிய பெண்கள் அன்று வீட்டின் ஆசிரியர்களாயினர். அதே காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணைகளாலும் பல தலையிழந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையிற் கொண்டுசெல்ல முடிந்தவை மிகச் சில. இழைக்கவும் சமைக்கவும் அறிந்த அறிவு மட்டும் சுமையாகாமல் அவர்களோடு சென்றது.

2009இற் போர் முடிவுற்ற பின்னரும், புலம்பெயர்ந்த நாடுகளிலும், கூழ் ஒரு நினைவுப் பொருளாகப் பெருமை பெற்றுள்ளது. இலண்டனிலும் தொரன்ரோவிலும் ஒடியல் மா கடைகளில் விற்கப்படுகின்றது. குடும்பங்கள் கூடிக் கூழ் காய்ச்சுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. எனினும் நினைவு வேறு, திறன் வேறு. உண்ணும் ஆசை பெருகியுள்ள அளவுக்கு ஊறவிட்டு வடிக்கும் பொறுமையோ ஓலை வார்ந்து இழைக்கும் விரலோ பெருகவில்லை.

யாழ்ப்பாணத்து வரலாறு இதன்மூலம் உணர்த்துவது தெளிவானது. வீட்டுக் கைப்பணியும் குடும்ப உணவும் வளமான காலத்தில் இழிவாகக் கருதப்பட்டு, துன்பம் வந்தபோது தேடப்பட்டன. துன்பம் வரும்வரை காத்திருந்தாற் கற்பிப்பதற்கு எவரும் எஞ்சியிரார். அதேவேளை, பழைய மரபைப் பழையபடியே மீட்டல் வேண்டும் என்பதும் பொருந்தாது. அதன் சுமை பெண்களின் தோளிலும், அதன் ஆபத்து மரமேறியவரின் உயிரிலும், அதன் இழிவு அவரது சாதியிலும் சுமத்தப்பட்டிருந்தன. ஆண்மக்களும் இழைக்கவும் சமைக்கவும் கற்று, உழைத்தவர் எவராயினும் அதே பந்தியில் அமர்ந்து உண்ணும்போதுதான் முற்றத்தின் அப்பழைய இன்பம் முழுமை பெறும். ஒடியற் கூழ் சிறு பானையிற் காய்ச்சத்தக்கதன்று. பலர் கூடினால்தான் அதற்குச் சுவை என முதியோர் கூறுவர். அப்பலருள் யாவரும் அடங்குதல் வேண்டும்.