பாண்டியர் இலாயமும் பரிகளின் உணவும்

மாணிக்கவாசகர் வரலாற்றை வகுப்பில் சொல்லாத தமிழாசிரியர் நம்முள் அரியர். அரிமர்த்தன பாண்டியன் தன் அமைச்சராகிய வாதவூரரிடம் பெரும்பொருள் கொடுத்துக் கடற்றுறைக்குக் குதிரை வாங்க அனுப்பியதும், அப்பொருள் திருப்பெருந்துறைத் திருப்பணியில் செலவானதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்ததும், இரவில் அவை மீண்டும் நரிகளாகி இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்று ஓடியதும் நாம் சொல்லிப் பழகிய கதையாகும். பக்திச் சுவையில் தோய்ந்து நிற்கும் நமக்கு, அக்கதையின் அடியில் கிடக்கும் உலகியல் வினா ஒன்று எளிதில் புலப்படுவதில்லை. பூச்சோங்கில் என்னிடம் பயின்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதனைக் கேட்டான்: "ஐயா, ராஜாகிட்டதான் முன்னமே குதிரை இருந்துச்சே, அப்புறம் ஏன் அவ்வளவு பணம் கொடுத்து மறுபடியும் வாங்கணும்?"

இவ்வினாவிற்கு விடை புராணத்தில் இல்லை, வரலாற்றில் உண்டு. வாங்கிய குதிரைகள் ஆண்டுதோறும் மடிந்துகொண்டே இருந்தன. மடிந்தவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை வந்துகொண்டே இருந்தன. மாணிக்கவாசகர் காலம் பற்றிய வழக்கு ஈண்டு நமக்கு வேண்டா. எக்காலத்தவராயினும் ஆகுக, பாண்டியர் பொன் குதிரைக்காகக் கடல் கடந்தது மட்டும் உறுதி.

குதிரை தமிழ் மண்ணுக்குரிய விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சுட்டுகின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டி' என்னும் பெயர் காணப்படுகின்றது. குதிரை வீரரைக் குறித்த 'இராவுத்தர்' என்னும் சொல் ஒரு சமூகத்தின் பெயராகி, இன்று கிள்ளான் கடைத்தெரு வரையில் வழங்கி வருகின்றது. ஆயினும் இவ்வணிகத்தின் முழு உருவத்தை நமக்குக் காட்டுவோர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியைப் பற்றி எழுதிய அயலார் இருவர். ஒருவர் 1290களின் தொடக்கத்தில் பாண்டிநாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப்.

அப்போது மதுரையை ஆண்டவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த காயல், ஓர்மசிலிருந்தும் கீசுத் தீவிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வந்த கலங்கள் தங்கும் துறை. (இன்றைய பழையகாயலுக்குச் செல்வோர் கடலைத் தேடித்தான் காண வேண்டும், ஆற்று வண்டல் கரையைத் தள்ளிவிட்டது.) கீசுத் தீவின் தலைவர் தம் பண்ணைக் குதிரைகளில் 1,400 ஆண்டுதோறும் பாண்டிநாட்டில் இறங்க வேண்டும் என்பது உடன்படிக்கை. மாபார் என அராபியர் வழங்கிய நம் கடற்கரையும் காம்பே முதலிய பிற துறைகளும் ஆண்டொன்றிற்குப் பெற்றவை 10,000 குதிரைகள் என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் வஸ்ஸாப் கணக்குரைக்கின்றார். பெருக்கினால் 22 இலட்சம் தீனார். இத்தொகை அரச கருவூலத்திலிருந்து அன்றி, கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயிற்பெண்டிர் செலுத்திய வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாம். திருப்பணிக்குரிய பொருள் குதிரைக்குப் போயிற்று என்னும் இச்செய்தியையும், குதிரைக்குரிய பொருள் திருப்பணிக்குப் போயிற்று என்னும் வாதவூரர் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தல் சுவையுடைத்து.

இனி, இறப்புக்கு வருவோம். மன்னனும் அவன் உடன்பிறந்தார் நால்வரும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் போலோ. இந்நாட்டார்க்குக் குதிரை பேணத் தெரியாது. வேகவைத்த இறைச்சியையும் சோற்றையும் கொடுக்கின்றனர் என்பது அவர் கூறும் காரணம். வஸ்ஸாப் இன்னும் விரிவாகச் சொல்கின்றார். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கூட்டிய தானியமும் ஊட்டிக் காய்ச்சிய பசும்பால் குடிப்பிக்கின்றனர். கொழுப்பதற்காக நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டி வைக்கின்றனர். பின்னர்ப் பயிற்சியேதுமின்றி ஏறிப் பேய் போல் விரட்டுகின்றனர். சின்னாளில் விரைந்த பரியும் தளர்ந்து பயனற்றதாகின்றது.

இவ்விரு கூற்றையும் அப்படியே ஏற்று, நம் முன்னோர் அறியாமையால் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கொன்றனர் என்று எழுதிய நூல்கள் பல. அவ்வாறு எழுதுமுன் அவ்வுணவு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். 1905இல் மைசூரில் சாம சாத்திரியார் கண்டெடுத்து 1909இல் அச்சேற்றிய கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைத் தலைவனின் கடமை கூறும் பகுதியொன்று உண்டு. உயர்தரக் குதிரைக்கு நெல் அல்லது வாற்கோதுமை, அவித்த பயறு, எண்ணெய், உப்பு, இறைச்சி, தயிர், பால் என ஒவ்வொன்றிற்கும் அங்கே அளவு வகுக்கப்பட்டுள்ளது. போலோவும் வஸ்ஸாபும் கண்டு நகைத்த உணவு, பழைய நூல் வழி வந்த அரச உணவேயாகும். குதிரை மருத்துவத்திற்குச் சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வடமொழி நூல்கள் வழங்கின. நகுலனது என்னும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் வண்ணப்படங்களுடன் 1952இல் வெளியிட்டது. ஆகவே அறிவு இல்லை என்பது பொருந்தாது.

பின் ஏன் மடிந்தன? இதற்குக் குதிரையின் உடலமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மாட்டைப் போலக் குதிரைக்கு அசை போடும் நான்கறை இரைப்பை இல்லை. அதன் இரைப்பை ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் கொள்ளும் சிறு பை. மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் பதினான்கு, பதினாறு மணி நேரம் புல்லைச் சிறிது சிறிதாகக் கறித்துக்கொண்டிருக்கும். புல்லின் நார் பின்குடலில் வாழும் நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிக்கின்றது. மாவுப்பொருள் மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் மிகையாகக் கொட்டினால், சிறுகுடலில் செரியாத மிச்சம் பின்குடலுக்குச் சென்று புளித்து அமிலமாகும். அதனால் வயிற்றுச் சூலை வரும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆகவே இரைப்பை வெடித்தும் இறப்பதுண்டு. அவ்வமிலத்தால் எழும் நஞ்சு குருதியிற் கலந்து குளம்பின் உட்சதையை அழற்றும். நிற்க மாட்டாமல் பின்காலில் பாரத்தைச் சாய்த்து நடுங்கும் குதிரையைக் கண்டோர் அந்நோயை மறவார். வளர்ந்த குதிரைக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலும் குன்றிவிடுகின்றது.

எனினும் வஸ்ஸாபின் குற்றச்சாட்டுகள் எல்லாம் ஒரே எடையின அல்ல. தானியத்தை வறுத்தல் தீதன்று. சூடு பட்ட மாவுப்பொருள் சிறுகுடலில் எளிதிற் செரிக்கும். சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்த்தலும் கேடன்று. இக்காலப் பந்தயக் குதிரைகளுக்கும் எண்ணெய் கொடுக்கின்றனர். அயலான உணவெல்லாம் நஞ்சு என்பதும் இல்லை. அராபியக் கடற்கரையில் ஓரிடத்தில் குதிரைகள் சிறு மீனைத் தின்று வாழ்வதாகப் போலோவே எழுதியிருக்கின்றார். ஆங்கு அவர் நகைக்கவில்லை.

உயிரைக் குடித்தது, என் கருத்தில், அந்த நாற்பது நாள். கட்டி வைத்துக் கொழுக்க ஊட்டித் திடீரென விரட்டினால், குதிரையின் பெருந்தசைகள் இறுகிச் சிதைந்து, சிறுநீர் கறுத்து வெளிப்படும் நோய் ஒன்று வரும். ஞாயிறன்று வேலையின்றி முழுத் தீனி தின்ற ஐரோப்பிய வண்டிக்குதிரைகள் மறுநாள் காலை ஏரிலும் வண்டியிலும் பூட்டியவுடன் விழுந்தமையால், ஆங்கிலேயர் அதனைத் 'திங்கட்கிழமை நோய்' என்றனர். ஒரு ஞாயிற்றுக்கே அப்பாடு எனின், நாற்பது நாளுக்கு என் சொல்வது! 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்னும் பழமொழியை வைத்திருக்கும் நாட்டில் இது நடந்தது. அவித்த கொள்ளு தமிழ்நாட்டுக் குதிரையின் நெடுநாளைய உணவு. ஆங்கிலேயரும் அதனைக் 'குதிரைப் பயறு' என்றே அழைத்தனர்.

உணவு ஒன்றே காரணம் என்று முடித்தலும் தவறு. 1880இல் தேரா இசுமாயில் கான் என்னும் ஊரில் கிரிபித் இவான்சு என்னும் படைக் கால்நடை மருத்துவர், 'சுர்ரா' என்று மக்கள் வழங்கிய நோயுற்ற குதிரைகளின் குருதியில் நெளியும் ஒட்டுயிரியைக் கண்டார். கடிக்கும் ஈக்கள் அதனை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டு செல்லும். விட்டு விட்டுக் காய்ச்சல் வரும்; கால் வீங்கும்; குருதி வற்றும். வியப்பு என்னவெனில், நோயுற்ற குதிரை நன்றாகத் தின்னும், தின்றுகொண்டே இளைத்து இறக்கும். நுண்ணோக்காடி இல்லாத காலத்தில் இதனைப் பார்க்கும் எவரும் தீனியின் மேல்தான் பழி போடுவர். மாடும் எருமையும் நோய் தெரியாமலே அவ்வுயிரியைச் சுமக்கக் கூடும். கால்நடை செறிந்த பாண்டிநாட்டில், உலர்ந்த பாலைநிலத்திலிருந்து வந்திறங்கிய குதிரைகளை இந்நோயும் கொண்டு சென்றிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. குதிரை இறந்தால் நட்டம் யாருக்கு? வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்கிறார் வஸ்ஸாப். இருநூறு ஆண்டு கழித்து விசயநகரத்திலும் இதே முறை. சாளுவ நரசிம்மன் கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே உயிருள்ள குதிரைக்குரிய விலை கொடுத்தான் என்று 1535ஆம் ஆண்டளவில் எழுதினார் போர்த்துகீசியரான நூனிசு. அவரே குதிரை வணிகர்! குதிரை வணிகர்கள் குதிரை மருத்துவர் எவரையும் பாண்டிநாட்டிற்கு வரவிடுவதில்லை, குதிரைகள் இறந்தால்தான் அவர்களுக்கு வாணிகம் என்று போலோவும் ஒளியாது உரைக்கின்றார். அறியாமை என்று பிறர் மேல் சுமத்தும் சொல்லுக்குப் பின்னே எத்தகைய ஊதியம் ஒளிந்திருந்தது என்பதை மாணவர்க்குக் காட்ட இதனினும் சிறந்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அர்த்தசாத்திரமோ இதற்கு நேர்மாறு. குதிரையின் உடல் மெலிவையும் பெருக்கத்தையும் கண்டு திருத்துவதும், பருவத்திற்கேற்ப உணவை மாற்றுவதும் மருத்துவன் கடமை. அவன் பிழையால் நோய் முற்றினால் செலவில் இருமடங்கு தண்டம். கேடு விளைந்தால் விலங்கின் விலையே தண்டம். உணவுப் பட்டியல் பாண்டியர் இலாயம் வரை வந்தது. பருவம் பார்த்து அதனை மாற்றும் மருத்துவனும், அவனைப் பிடித்துக் கேட்கும் தண்டமும் வந்து சேரவில்லை.

மலாயாவிற்கு இவ்வரலாறு முற்றும் அயலானதன்று. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்ககாலப் பணிகளில் குதிரைக்கும் இடம் இருந்தது. பிரேசரும் அரசு கால்நடை மருத்துவர் சைமண்ட்சும் இக்கூட்டு மாநிலங்களில் பரவிய சுர்ராவைப் பற்றி 1908இல் எழுதினர். அதே பிரேசர்தாம் ஸ்டான்டனுடன் சேர்ந்து, தீட்டிய வெள்ளரிசியே பெரிபெரி நோய்க்கு அடிப்படை என்று அக்காலத்தில் ஆய்ந்து காட்டினார். புழுங்கலரிசி உண்ட நம் தோட்டத் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர் என்பதைப் பிராடன் 1907இலேயே எடுத்துரைத்திருந்தார். தொழிலாளியின் சோறும் குதிரையின் குருதியும் ஒரே கூரையின் கீழ் ஆராயப்பட்டன!

மற்றொரு செய்தி நம் பெயரோடு தொடர்புடையது. 1911, 1912ஆம் ஆண்டுகளில் இரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் குதிரைகளுக்கு வரும் 'கிளாண்டர்சு' நோயை ஒத்த புதிய நோயொன்றை மனிதரிடம் கண்டனர். கோலாலம்பூரில் அதனை ஆய்ந்த ஸ்டான்டனும் பிளெச்சரும் 1921இல் 'மெலியாய்டோசிசு' என்று பெயரிட்டனர். கழுதையினத்தின் நோயைக் குறித்த கிரேக்கச் சொல்லே அதன் வேர். அந்நோய் குதிரை ஒன்றைப் பற்றியமையை அவ்விருவரும் சைமண்ட்சும் 1927இல் எழுதினர். சேற்றிலும் ஈரமண்ணிலும் வாழும் அந்நுண்ணுயிர் இன்றும் நம் நாட்டில் மனிதரைக் கொல்கின்றது.

1896இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் திடல் நெடுங்காலம் அம்பாங் சாலையில் இருந்தது. இரட்டைக் கோபுரம் இன்று அந்நிலத்தில்தான் நிற்கின்றது. பந்தயத்திடல் 1990களின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்கு மாறியது. இலாயங்களில் குதிரை தேய்த்து, தீனி வைத்து, குளம்பு பார்த்தவர்களுள் நம்மவரும் இருந்தனர். அவர்கள் பெயர் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. அத்தொழிலில் முதுமையெய்தி இப்போது பூச்சோங்கில் மகள் வீட்டில் வாழும் பெரியவர் ஒருவரிடம், பாண்டியர் இலாயச் செய்தியைச் சொல்லி அவர் கருத்தைக் கேட்டேன். பாலும் நெய்யும் என்றபோது சிரித்தார். நாற்பது நாள் என்றபோது சிரிக்கவில்லை.

"வாத்தியாரையா, குதிரைக்கு வயிறு சின்னது. புல்லு முதல்ல, தண்ணி நடுவுல, தானியம் கடைசியில. ஒரே வேளைக்குக் கொட்டக்கூடாது, மூணு நாலா பிரிச்சுத்தான் வைக்கணும். தீனிய மாத்தினா ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும். ஓடாத நாளைக்கு ஓட்ஸைப் பாதியா குறைச்சிடுவோம்; புல்லைக் கூட்டுவோம். கட்டியே வச்சா ரத்தம் கெட்டுப்போகும், கையில பிடிச்சாவது நடத்தணும்."

வெள்ளைக்காரப் பயிற்சியாளர்கள் கற்பித்தனரோ என்று கேட்டேன்.

"அவங்க எழுதி ஒட்டுவாங்க, எனக்கு வாசிக்கத் தெரியாது. எங்கப்பா அங்கதான் வேலை செஞ்சாரு. அவரு சாணியைப் பார்த்தே இன்னைக்கு எவ்வளவு வைக்கலாம்னு சொல்லுவாரு."