பம்பின் மேல் பதிந்த பெயர்

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலைக் கடந்து வயல் பக்கம் போனால், கோயம்புத்தூரில் வார்த்த மோனோபிளாக் பம்பு ஒன்றைக் கிணற்றடியில் பார்க்கலாம். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்திருக்கும். ஹெட், டிஸ்சார்ஜ், ஐ.எஸ். 9079 என்று அச்சிட்ட அலுமினியத் தகடு ரிவெட்டோடு பெயர்ந்து போயிருக்கும். கேசிங் மேலேயே புடைத்து நிற்கும் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் மட்டும் மிச்சம்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து மோட்டாரும் பம்பும் அந்த ஊரின் தொழிலாயின. அப்போதெல்லாம் மணலில் வார்ப்பு அச்சைப் பதிக்கும் மரப் பேட்டர்ன் மேல் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக ஆணியடித்தோ ஒட்டியோ பெயரை அமைப்பார்கள். இப்போது அது கணினியில் உருவாகிறது. கேசிங்கின் முப்பரிமாண வரைபடத்தில் ஒரு தளத்தைத் தேர்ந்து, பெயரைத் தட்டச்சு செய்து, வளைந்த பரப்பின் மேல் படியவைத்து, சில மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும்.

வேலை அதோடு முடிவதில்லை. பேட்டர்னை மணலிலிருந்து உருவும்போது எழுத்தின் செங்குத்துச் சுவர் மணலைப் பிய்த்துவிடும். அதனால் ஒவ்வொரு சுவருக்கும் சிறு சரிவு கொடுக்கிறார்கள். உருவும் திசையைப் பார்த்த முகத்தில்தான் எழுத்தை வைக்கலாம், பக்கச் சுவரில் வைத்தால் சிக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும் என்பதால், எழுத்துகள் உட்பட பேட்டர்ன் முழுவதும் அந்த அளவு பெரிதாகவே பிறக்கிறது.

பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதற்கு வியாபாரம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். தமிழ் எழுத்துக்குச் சுழிகள் உண்டு. 'ண'வின் சுழிக்குள் நிற்கும் மணல், அச்சில் மெல்லிய தூண். அது உடைந்தால் உருகிய இரும்பு உள்ளே புகுந்து சுழி கட்டியாகிவிடும். புள்ளி மழுங்கினால் 'ல்' வெறும் 'ல' ஆகும். அண்ணாமலையார் கோயில் சுவரில் சோழர் காலத்துச் சிற்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் எழுத்தைக் குடைந்தார், சுழியின் நடுப்பகுதி கல்லாகவே உறுதியாக நின்றது. புள்ளியையோ அக்காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் விட்டுவிடும்.

மென்பொருளிலும் ஒரு முட்டுக்கட்டை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவரும் வேலையை எழுத்து வடிவமைப்பு நிரல் செய்ய வேண்டும். அந்த நிரல் இல்லாத வரைகலை மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். முப்பரிமாண வரைவு மென்பொருளான ஓப்பன்எஸ்கேட் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் அத்தகைய நிரலைச் சேர்த்துக்கொண்டது. அந்த வசதி இல்லாதவற்றில், இங்க்ஸ்கேப் என்னும் வரைபட மென்பொருளில் தமிழை எழுதி, கோட்டு உருவாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகக் கொண்டுவருவதே வழி. அதன்பின் அது வெறும் கோடு. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டாலும் செய்யத்தக்க வேலை இது. தடித்த கோடும் அகலமான சுழியும் கொண்ட, வார்ப்புக்கென்றே வரைந்த தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தால் பாதிப் பாடு குறையும்.

மணல் அச்சில் குழியாக, ஊற்றிய இரும்பில் மறுபடி புடைப்பாக மாறிய பெயர், ஷாட் பிளாஸ்டிங்கும் பெயின்டும் தாண்டி லாரியேறித் திருவண்ணாமலைக்கு வருகிறது. பல ஆண்டுகள் கழித்து இம்பெல்லர் தேய்ந்து தண்ணீர் குறையும்போதுதான் யாரும் அதைத் தேடுவார்கள். மெக்கானிக் சேற்றைத் துடைத்து, எழுத்துகள் மேல் சாக்பீஸைத் தேய்க்கிறார். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவரின் வேலைதான் இது. வெள்ளையாகத் தெரிந்த மாடல் எண்ணை செல்போனில் படம் பிடித்து டவுனிலுள்ள ஸ்பேர் கடைக்கு அனுப்புகிறார். சரியான இம்பெல்லர் அடுத்த பஸ்ஸில் வந்துவிடும்.