நிரைக்கு நடுவே முளைத்தவை

ரப்பர் மரம் மலாயாவின் மண்ணில் தோன்றியதன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்டு, அவற்றின் கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்து, 1888இல் அங்குள்ள தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் மரத்தைக் கொல்லாமல் பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்துக் காட்டிய பிறகே, இத்தேசத்துக் காடுகள் ஒற்றை விருட்சத்துக்கு வழிவிட்டு அழியத் தொடங்கின. கெடா மாநிலம் 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியதை அடுத்து, கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் இம்மாறுதல் வேகங்கொண்டது.

அந்த மரங்களின் அடியில் வந்து நின்ற ஜனங்கள், ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னே நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ்நாட்டு உழவர்கள். இந்திய அரசாங்கம் 1938இல் தடுக்கும்வரை அந்த வரவு முற்றாக நிற்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் கூலியையும் கள்ளையும் துயரத்தையும் எழுதினார்கள். எழுத வேண்டியவைதாம் அவை. ஆனால் செடியையும் பருவத்தையும் அறிந்த குடிகள் அவர்கள் என்பதும், அவ்வறிவு புதிய மண்ணில் புதிய உருக்கொண்டு வளர்ந்தது என்பதும் போதிய அளவு சொல்லப்படவில்லை.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நிரை எனப்படும் தத்தம் மரவரிசையில் பட்டை சீவி, மங்குக் கிண்ணத்தில் பால் வடியக் காத்திருக்கும் இடைவேளையில், ஸ்திரீகளின் கண் மரத்தின்மேல் இராது, மரத்தடியில் இருக்கும். கீழாநெல்லியும் குப்பைமேனியும் அம்மான் பச்சரிசியும் தொட்டாற்சிணுங்கியும் அங்கே தாமாகவே முளைத்துக் கிடந்தன. ஈரமான கால்வாய் ஓரத்தில் வல்லாரை படர்ந்தது. மஞ்சட்காமாலைக்கு எது, குழந்தையின் மாந்தத்துக்கு எது, சிரங்குக்கு எதை மஞ்சளோடு அரைத்துப் பூச வேண்டும் என்பதெல்லாம் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு நிரையிலேயே சொல்லப்பட்டன. அவர்கள் குடியிருந்த லயத்தின் பின்புறத்துச் சிறு காணியிலோ முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, கற்பூரவள்ளி, தூதுவளை எல்லாம் நின்றன. மாரியம்மன் கோயிலுக்கு வேம்பு வேண்டும். நல்ல கோடை விரும்பும் அம்மரத்துக்கு, ஆண்டின் தொடக்கத்தில் தெளிவான வறட்சிக்காலம் காணும் கெடாவின் மண் இசைந்தது. இதனோடு கம்பம் என்னும் கிராமத்து மலாய்க்காரர்களிடமிருந்து கற்றவையும் சேர்ந்தன. நாம் வல்லாரை என்பதை அவர்கள் பெகாகா என்று பச்சையாகவே உண்கிறார்கள்; நாம் நிலவேம்பு என்று காய்ச்சிக் குடிப்பதை அவர்கள் ஹெம்பெடு பூமி என்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். இவ்விரு ஞானங்களும் லயத்துப் புறக்கடையிலும் சந்தையிலும் கைமாறியதை, இரு சமூகங்களின் உறவு பேசும் எந்த மேடைப் பிரசங்கத்தினும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, ஆண்களில் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட நாட்களில், எஞ்சிய குடும்பங்களின் உயிரைப் பிடித்துவைத்தவை மரவள்ளிக் கிழங்கும் முருங்கைக் கீரையும் இந்த அறிவுந்தான்.

தோட்ட நிர்வாகத்தின் கண்ணில் ரப்பரைத் தவிர மற்றெல்லாம் களை. ஆரம்பத்தில் ஒரு புல்லும் இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல பராமரிப்பு எனக் கருதப்பட்டது. மழை மேல்மண்ணை அரித்துச் சென்ற பின்னரே அவரையினத்து மூடுகொடிகளை நிரைகளுக்கிடையே படரவிட்டார்கள். லாலான் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. பின்னாளில் பாரகுவாட் என்னும் களைக்கொல்லி வந்தது. அதை முதுகில் சுமந்து தெளிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கே வாய்த்தது என்பதை எண்ணும்போது மனம் பதைக்கிறது. எந்தச் செடி பிள்ளைக்கு மருந்தென்று தாய் கற்பித்தாளோ, அதே செடியின்மேல் கூலிக்காக விஷம் பொழிய மகள் நிர்ப்பந்திக்கப்பட்டாள். மலேசிய அரசாங்கம் 2002இல் பாரகுவாட்டைத் தடுத்து, 2006இல் அத்தடையைத் தளர்த்தி, 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலேதான் முற்றாக விலக்கிற்று. அதற்குள் பல தோட்டங்களில் ரப்பரே போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து ஜனங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்து, அடுக்குமாடி வராந்தாக்களில் சட்டியில் கறிவேப்பிலை வளர்க்கலானார்கள்.

இந்த ஞானத்துக்கு வாரிசாகியிருக்க வேண்டியது தமிழ்ப்பள்ளி. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்று விதித்தது; கெடாத் தோட்டங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. போருக்கு முன்பு அங்கே புகட்டப்பட்ட பாடப்புத்தகங்களோ இந்தியாவிலிருந்து வந்தவை. காவிரிக்கரையின் பயிரைப் படித்துவிட்டு வெளியே வரும் மாணவன், பள்ளி வாசலில் தன் பாட்டி பறித்துக்கொண்டிருந்த கீரைக்குப் பாடத்தில் இடமில்லை என்பதை எவரும் சொல்லாமலே தெரிந்துகொண்டான். அந்த அலட்சியம் நம்முடையது. அதற்குத் தோட்டத்து வெள்ளைத் துரையை மட்டும் குற்றஞ்சாட்டிப் பிரயோஜனமில்லை.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இதரிஸ் தலைமையில், இயற்கை உரத்தையும் வீட்டுத் தோட்டத்தையும் மூலிகைகளையும் பற்றித் தமிழிலும் பிரசாரம் செய்து, பள்ளிகளில் தோட்டம் போட ஊக்குவித்த பணி இவ்விஷயத்தில் முன்மாதிரியானது. பாத்தி போடுவதோடு இன்னொன்றும் வேண்டும். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த பர்கில், மலாய்த் தீபகற்பத்தின் பயன்தரு பொருள்களைத் தொகுத்து 1935இல் இரு பெருந்தொகுதிகளாக அகராதி வெளியிட்டார். கெடாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. நிரையில் பால் வெட்டிய மூதாட்டிகளை வகுப்புக்கு அழைத்து, செடியைக் கையில் கொடுத்து, அதன் பெயரையும் பக்குவத்தையும் அது வளரும் இடத்தையும் அவர்கள் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஒரு நோட்டில் எழுதட்டும். எது உண்மையில் குணந்தரும், எது தராது என்பதைப் பின்னர் விஞ்ஞானம் கற்றவர்கள் சோதிக்கட்டும். நிரையில் நின்று இவற்றைக் கற்ற பெண்களுக்கு வயதாகிவிட்டது. இவ்வேலையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட வேண்டாமென்று அவ்வாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.