டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் ஒலி: அன்றும் இன்றும்

வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்தது 1960-களில். 1947-இல் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டியைச் சில ஆண்டுகளிலேயே கைக்கு அடக்கமாக்கிவிட்டது. உயர்தர இசைக்கு வர அதற்கு நீண்ட காலம் பிடித்தது. இங்கிலாந்தின் லீக் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட ஸ்டீரியோ 30 இந்த வகையில் முன்னோடி. அக்காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் சூட்டைத் தாங்காதவை. சூடேறினால் மின்னோட்டம் கூடும்; அது கூடினால் சூடு இன்னும் ஏறும்; கடைசியில் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும்.

ஒலி கரடுமுரடாக இருக்கிறது என்று அன்றைய ரசிகர்கள் குறைப்பட்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. வெளியீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் அலையின் மேல்பாதியையும் மற்றொன்று கீழ்ப்பாதியையும் சுமக்கிறது. வேலை கைமாறும் நொடியில் இரண்டுமே சற்று உறங்கினால் அலையில் ஒரு நெளிவு விழும். இதுவே கிராஸ்ஓவர் திரிபு. ஒலியைக் குறைத்தாலும் நெளிவு அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே உரத்த இசையில் மறைந்துகிடக்கும் குறை, மெல்லிய வயலின் இழையில் காதை உறுத்தும். வால்வு செட்டின் திரிபு பெரும்பாலும் ஒலி கூடும்போதுதான் கூடியது. எனவே அளவுகோலில் குறைந்த திரிபைக் காட்டிய டிரான்சிஸ்டர் செட், காதுக்கு மோசமாக இருந்ததில் வியப்பில்லை.

சிலிக்கான் வந்தபின் சூட்டுப் பிரச்சினை தணிந்தது. ஆனால் ஒன்றுக்கொன்று சரியாக இணையும் எதிரெதிர் வகை டிரான்சிஸ்டர்கள் தொடக்கத்தில் மலிவாகக் கிடைக்காததால், மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் ஒரே வகையையே பயன்படுத்தினர். இரு பாதிகளும் ஒத்துப்போகவில்லை. பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட 303, ஒவ்வொரு பாதியிலும் மூன்று டிரான்சிஸ்டர்களை ஒருங்கே பிணைத்து இதைப் பெருமளவு சரிசெய்தது. 1970-இல் பின்லாந்துப் பொறியாளர் மட்டி ஓட்டலா இன்னொரு குறையைச் சுட்டினார்: மெதுவான ஆம்ப்ளிஃபையரில் எதிர்ப்பின்னூட்டம் பிழையைத் திருத்த வருவதற்குள், திடீரென எழும் ஒலி உள்ளீட்டுப் பகுதியைத் திணறடித்துவிடும். அதன்பின் வேகமான சுற்றுகள் பெருகின.

1975-இல் வந்த குவாட் 405 காலத்தில் பழைய குறைகள் பெரும்பாலும் ஒழிந்துவிட்டன. குவாட் ஏற்பாட்டில் ஜேம்ஸ் மோயர் நடத்திய மறைவுச் சோதனையின் முடிவு 1978-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியானது. 1953-இன் வால்வு குவாட் II, டிரான்சிஸ்டர் 303, 405 ஆகிய மூன்றையும், அவற்றின் திறனுக்குள் ஒரே ஒலியளவில் ஓட்டினால், கேட்டவர்களால் நம்பத்தக்க வகையில் பிரித்தறிய முடியவில்லை. தயாரிப்பாளரே ஏற்பாடு செய்த சோதனைதான். ஆனாலும் அதன் முறை ஒளிவுமறைவற்றது.

அப்படியானால் பழைய செட்டின் 'கதகதப்பு' எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சுற்றின் மரபிலிருந்து அல்ல, வயதிலிருந்து. மின்பகு கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து கொள்ளளவை இழக்கின்றன. பாஸ் தளர்கிறது, ஹம் கூடுகிறது. குறைந்த ஒலியில் பாஸையும் ட்ரெபிளையும் தூக்கிவிடும் லவுட்னஸ் பொத்தானும் அக்காலப் பழக்கம். சுமார் 0.1 வோல்ட் உள்ளீட்டை எதிர்பார்த்த பழைய செட்டில் சிடி பிளேயரின் 2 வோல்ட் நுழையும்போது, குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே ஒலி பெருகிவிடும். சற்று உரத்ததையே காது நல்லது என்று கொள்ளும். வாட் கணக்கையும் அப்படியே நம்பலாகாது: 1974-இல் அமெரிக்க வணிக ஆணையம் விதி வகுக்கும்வரை விளம்பரங்களில் ஊதிப்பெருக்கிய எண்களே நிறைந்திருந்தன.

இன்றைய 'டி' வகை ஆம்ப்ளிஃபையர்களோ டிரான்சிஸ்டரை நொடிக்கு லட்சக்கணக்கான முறை அணைத்து ஏற்றி, இறுதியில் ஒரு வடிகட்டியால் இசையை மீட்கின்றன. தொடக்க காலத்தில் ஸ்பீக்கருக்கு ஏற்ப அவற்றின் ட்ரெபிள் மாறியது. 2000-களின் தொடக்கத்தில் பிலிப்ஸில் புரூனோ புட்சைஸ் வடிகட்டிக்குப் பின்னிருந்தே பின்னூட்டம் எடுத்தபின் அந்த வேறுபாடு பெரிதும் மறைந்தது.