தாயிராவும் கொம்பாங்கும்

கேலாங் சிராய் வட்டாரத்தில் மலாய்த் திருமணம் நடந்தால் மணமகனை வரவேற்கக் கொம்பாங் முழங்கும். ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்திய வட்டப் பறை அது. ஒருவர் விடும் இடைவெளியை இன்னொருவர் அடித்து நிரப்ப, நபிகள் நாயகத்தின் மீது ஸலவாத்து பாடுவார்கள். நாகூர் கந்தூரியைக் கண்ட தமிழர்களுக்கு இந்த ஒலி புதிதல்ல. பக்கீர்கள் கொட்டும் தாயிராவும் இதே குடும்பம். இரண்டுக்கும் மூத்தது அரபு நாட்டு தஃப்.

இந்த உறவைக் கொண்டுவந்தது கடல் வாணிபம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-1830இல் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவை எழுப்பினார்கள். 16ஆம் நூற்றாண்டின் சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவிடம் அது. 2011இல் அங்கே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது.

கட்டடத்தோடு பாட்டும் வந்தது. நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872இல் சிங்கப்பூரில் அச்சேறியது. இங்கு அச்சாகி இன்றும் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களில் அதுவும் ஒன்று. முனாஜாத்து என்றால் இறைவனிடம் உருகி வேண்டுதல். அவருக்கு முன்பே குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) இறைவனை மனோன்மணி என்ற காதலியாக்கிப் பாடியிருந்தார். சித்தர் பாடலின் மொழியும் சூஃபி ஞானமும் அவரிடம் ஒன்றாயின.

இசை கூடுமா, கூடாதா என்ற வாதம் இஸ்லாத்தில் பழையது. தஃபை ஏற்ற அறிஞர் பலர் நரம்புக் கருவியையும் குழலையும் ஏற்கவில்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, கேட்பவரின் உள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இறைவனை நினைப்பவருக்கு அது நினைவைப் பெருக்கும்; ஆசையில் கிடப்பவருக்கு ஆசையையே பெருக்கும்.

வழிபாடும் கேளிக்கையும் தொட்டுக்கொள்ளும் இடம் இதுதான். திக்ரு என்ற சூஃபிச் சொல்லே மலாய் மேடையில் திக்கிர் பாராட் ஆனது. தமிழில் நாகூர் இ. எம். ஹனிபா (1925-2015) தர்காப் பாட்டின் உணர்வை ஒலிபெருக்கிக்குக் கொண்டுவந்தார். பிற சமயத்தாரும் அவற்றைத் தங்கள் பாட்டாகவே கேட்டார்கள்.

கொம்பாங்குக்குத் திருமணம் என்ற மேடை இருக்கிறது. இளைஞர்கள் அடித்தே பழகுகிறார்கள். முனாஜாத்துக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அச்சு சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. மெட்டு தெரிந்த மூத்தவர்கள் நம் வீடுகளில் இருக்கும்போதே அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது நம் கடமை.