லேபர் பள்ளிக்கூடமும் நந்தனார் பள்ளிக்கூடமும்

எங்க பக்கத்துப் பெரியவங்க ஆதிதிராவிடர் நலப் பள்ளியை ‘லேபர் பள்ளிக்கூடம்’னுதான் சொல்லுவாங்க. லேபருக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. அந்தப் பெயருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

ஊர்த்தெருவிலும் அக்கிரகாரத்திலும் இருந்த பொதுப்பள்ளிகள் பலவற்றில் நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. 1919-20 வாக்கில் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோர் நலனை லேபர் கமிஷனர் பொறுப்பில் விட்டது. அந்தத் துறை சேரிகளிலேயே பள்ளிகளைத் திறந்தது. துறையின் பெயர் பள்ளிக்கூடத்தோடு ஒட்டிக்கொண்டது. இதை சர்க்காரின் தயவு என்று சொல்கிறவர்கள், நம் ஜனங்கள் அதற்கு முன்பே செய்த வேலையை மறைத்துவிடுகிறார்கள்.

நம்ம தென்னாற்காட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த முனுசாமி, திண்டிவனத்துக்கு வந்து அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாறச் சம்மதிக்காததால் படிப்பு நின்றுபோனது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இவர்தான் பின்னாளில் சுவாமி சகஜானந்தர். நிபந்தனையோடு வருகிற படிப்பை எந்த நேரத்திலும் பிடுங்கிக்கொள்ளலாம். 1916இல் அவர் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். நந்தன் வாசலில் நிறுத்தப்பட்ட ஊரில், அந்த நந்தன் பெயரிலேயே பள்ளிக்கூடம்! 1959இல் இறக்கும்வரை கல்விக்காகவே உழைத்தார். சட்டமன்றத்திலும் அதைப் பேசினார். அவர் தொடங்கிய பள்ளி இன்று அரசுப் பள்ளி. முதலில் நம்மாள் கட்டினான், பிறகு அரசு ஏற்றது. இந்த வரிசையை மறக்கக் கூடாது.

பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு? அங்கே அம்பேத்கர் வருகிறார். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் சேர்ந்த கையோடு கோரிக்கை மனு கொடுத்தார். நம் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கிடைத்தது. 1944இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்றைய போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கலைக் கல்லூரிக்குள் முதன்முதலாகக் கால் வைத்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பணமும் நலத்துறை ஹாஸ்டல் சோறும்தான் துணை. எம்.ஏ. தமிழ் முடித்த நானும் அந்தச் சோறு தின்றவன்தான்.

ஆனால் பணம் ஒதுக்கினால் மட்டும் வீடு வந்து சேராது. இருளர் பிள்ளைகளைப் பாருங்கள். பழங்குடிக்குரிய உதவித்தொகைக்கு சாதிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கோட்டாட்சியர் தர வேண்டும். ‘அப்பனுக்குச் சான்றிதழ் இருக்கா?’ என்று கேட்டால், பள்ளிக்கூடமே பார்க்காத அப்பன் எதைக் காட்டுவான்? 1996இல் பேராசிரியர் கல்யாணி (பிரபா கல்விமணி) முன்னின்று தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், போலீஸ் கொடுமையை எதிர்த்ததோடு நிற்காமல் இந்தச் சான்றிதழுக்காகவும் திண்டிவனத்திலிருந்து போராடியது. அரசாங்கப் பணத்துக்கும் குடிசைக்கும் நடுவில் ஒரு சங்கம் நிற்க வேண்டியிருக்கிறது.

பணமும் தானாக நிலைத்து நிற்பதில்லை. ஸ்காலர்ஷிப் செலவின் பெரும்பகுதி மாநிலங்கள் தலையில் விழுந்து, நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகுதான், 2020 டிசம்பரில் மத்திய அரசு 60 சதவீதத்தை ஏற்பதாக முடிவெடுத்தது. ஐந்தாண்டுக்கு மொத்தம் 59,048 கோடி. இடைப்பட்ட காலத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் படிப்பை விட்டவன் திரும்பி வருவானா?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 72கூட இல்லை. அந்த மாவட்டத்தில் பத்தில் மூன்று பேர் தலித்துகள். ஆகவே தோழர்களே, ஸ்டைபண்டு எப்போது வந்தது, ஹாஸ்டலில் என்ன சமைத்தார்கள், லேபர் பள்ளிக்கூடத்தில் எத்தனை வாத்தியார் என்று மாதாமாதம் போய்க் கேளுங்கள். நம்ம பாட்டன் கேட்டு வாங்கின பணம் அது.