ரெண்டு கிராம்பும் ஒரு கைலியும்

பழவேற்காடு பக்கம் காட்டூர் எங்கள் ஊர். வாரம் முழுக்க மீன், இறால், நண்டு. ஆட்டுக்கறி எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். போன ஞாயிறு அம்மா வீட்டில் இல்லை, நானே சமைத்தேன். போனில் அம்மா சொன்னது இதுதான்: "குக்கர்ல வைக்காதடா. முன்னங்கால் கறி எலும்போட வாங்கு. கனமான சட்டில சின்னத் தீயில வை. கிராம்பு ரெண்டே ரெண்டு, மேல போட்டா மருந்து வாசனை அடிக்கும்."

வெங்காயம் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு, மிளகாய், மல்லித்தூள் போட்டுக் கறியைப் புரட்டி மூடி வைத்தேன். ரெண்டரை மணி நேரம். முன்னங்காலில் சவ்வு அதிகம். அதிலுள்ள கொலாஜன் மெல்லிய சூட்டில் கரைந்து ஜெலட்டின் ஆக இவ்வளவு நேரம் பிடிக்கும். குழம்பு உதட்டில் ஒட்டுவது அதனால்தான்.

காத்திருந்த நேரத்தில் அந்த ரெண்டு கிராம்பைப் பற்றி யோசித்தேன். இன்று அது கன்னியாகுமரி மலையிலேயே விளைகிறது. 400 வருஷத்துக்கு முன் கிராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் மட்டும். ஜாதிக்காய் அதற்குத் தெற்கே உள்ள பண்டா தீவுகளில் மட்டும். அங்கே வாசனைப்பொருள் வாங்கப்போன டச்சுக்காரர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்தது: அந்த மக்கள் கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. துணி இல்லாவிட்டால் மொலுக்கஸில் வியாபாரமே செத்துவிடும், இந்தக் கரை அதற்கு இடது கை மாதிரி என்று 1612-இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற கம்பெனி அதிகாரி எழுதினார். மறு வருஷமே பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690 வரை இந்தக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் அதுதான்.

நெசவாளிக்கு வியாபாரி மூலமாக முன்பணம் போகும். துணி பழவேற்காட்டில் கப்பலேறி பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போகும். அங்கிருந்து தீவுகளுக்குப் போய்க் கிராம்பாக மாறும். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். அந்தப் பெலிகாட் நம் பழவேற்காடுதான்.

இதில் சட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. டச்சு மொழியில் 'ஸ்மோரன்' என்றால் மூடி வைத்து மெல்ல வேகவைப்பது. அதிலிருந்து வந்ததுதான் ஜகார்த்தாவின் 'செமூர்': கறி, கிராம்பு, ஜாதிக்காய், இனிப்பு சோயா சாஸ். இலங்கைப் பறங்கியர் வீட்டில் அதுவே 'ஸ்மோர்', தேங்காய்ப்பாலோடு. அங்கெல்லாம் டச்சுக்காரன் போனபிறகும் சமையல் தங்கிவிட்டது. 1825-இல் பழவேற்காட்டை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டுப் போனபோது இங்கே மிஞ்சியது பெரும்பாலும் கல்லறைகள். கல்லறைத்தோட்ட வாசலில் நிற்கும் கல் எலும்புக்கூடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இத்தோடு நிறுத்தினால் இது ருசியான கதை. ஆனால் 1621-இல் ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவுகளைக் கம்பெனி பிடித்தபோது அந்த மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டார்கள், அடிமையானார்கள், அல்லது ஓடிப்போனார்கள். நம் கரையிலும் பஞ்சமும் சண்டையும் வந்த வருஷங்களில், துணி ஏறிய அதே பழவேற்காட்டில் அடிமைகளும் கப்பலேறினார்கள். பட்டேவியாவின் டச்சு வீடுகளில் சமைத்ததும் துவைத்ததும் அடிமைகள். அந்தச் சட்டியைக் கிளறிய கைகளில் நம் ஊர்ப்பக்கத்துக் கைகளும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. கப்பலேறியவர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை.

மூடியைத் திறந்தேன். கறி எலும்பை விட்டுக் கழன்றிருந்தது. சாயந்தரம் அம்மாவிடம், அடுத்த தடவை செமூர் மாதிரி கொஞ்சம் ஜாதிக்காய் துருவிப் போடலாமா என்று கேட்டேன்.

"ஜாதிக்காயா? அது கைப்பிள்ளைக்கு உரசிக் குடுக்கறதுடா. கறியில யாராவது போடுவாங்களா?"

பண்டாவிலிருந்து அத்தனை ரத்தத்தோடு வந்த காய் எங்கள் வீட்டில் உரைமருந்துப் பெட்டியோடு நின்றுவிட்டது. கிராம்பு மட்டும் சட்டிக்குள் வந்தது, ரெண்டே ரெண்டு.